சி லைனில் நடக்கும் சத்தம்

மயிலாத்தாள் எங்கள் பனியன் கம்பெனியை விட்டு ஒடிசாவுக்கு ரயிலேறிப் போன மறு திங்கட்கிழமை, காலை எட்டு இருபத்தைந்துக்கு, இருபத்தொரு வருடமாக அவள் எந்த நேரத்துக்கு வருவாளோ அதே நேரத்துக்கு, அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் தனியாக வேலைக்கு வந்தது. மாடிப்படி பதினெட்டையும் ஏறியது, தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு நொடி நின்றது, பிறகு சி லைனின் முதல் மெஷினிலிருந்து முப்பத்தெட்டாவது மெஷின் வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பியது. வலது கால் அழுத்தி விழும், இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், ஒரு தீபாவளி சமயத்தில் பண்டல் வண்டி மோதி முட்டி பிசகியதில் வந்த இழுப்பு அது. டொக், சர்ர், டொக், சர்ர் என்று கேட்டால் எங்களில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கும் யாரும் தூக்கவில்லை. ஏழாவது மெஷினில் காலர் அடித்துக்கொண்டிருந்த நான் மட்டும், இவள்தான் சனிக்கிழமையே வண்டியேறிவிட்டாளே என்று நினைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன். நடையில் ஆள் இல்லை, சத்தம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நூல் அறுந்திருந்தது, கோத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அவள் ஏன் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எங்கள் முதலாளி தெய்வசிகாமணி, மனுசன் வாயில் எப்போதும் தேன்தான், வருடா வருடம் ஆயுத பூஜையன்று பொரி கொடுக்கும்போது, "மயிலம்மா, புது யூனிட் கட்டுனா நீங்கதான் அதுக்கு மேனேஜர், எழுதி வெச்சுக்கோங்க" என்பார். ஒன்பது ஆயுத பூஜை அப்படிச் சொன்னார். அவளும் ஒன்பது வருடம் அந்தப் பொரியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். பத்தாவது வருடம் புது யூனிட்டைக் கட்டினார், தங்கச்சி மருமகனைக் கொண்டுவந்து மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தார், அந்தப் பையன் நாற்பத்தைந்தைத் தாண்டிய சூப்பர்வைசர்கள் வேகத்துக்குச் சரிவரமாட்டார்கள் என்று சொல்லி மயிலாத்தாளை செக்கிங் டேபிளுக்குப் போகச் சொன்னான். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு. புருஷன் வேறொருத்தியோடு போய்ப் பதினாறு வருடம், மகளைக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று, இனி இந்த ஊரில் யாருக்காக இருக்கவேண்டும். எங்கள் லைனில் மூன்று வருடம் வேலை பழகிவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒடிசாப் பெண் மினதி, கட்டாக் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பெனி திறக்கிறார்கள், லைனை நடத்தத் தெரிந்த ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள், வாங்க அக்கா என்று போனில் கூப்பிட்டாள். ஆறு மாதம் பார்ப்பார்கள், லைனை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். திரும்புவதற்கு இங்கே என்ன வைத்திருந்தது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

புறப்படுகிற சனிக்கிழமை காலையில் சாரதாமணி அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சாரதாமணி செக்கிங்கில் இருப்பவள், மயிலாத்தாளுக்கு மூன்று வயது சின்னவள், இருபத்தொரு வருடம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் பிசைந்து தின்றவர்கள். இவளுக்குக் காய்ச்சல் என்றால் மயிலாத்தாள் ரசம் வைத்துக்கொண்டு வருவாள், மயிலாத்தாள் மகள் சடங்குக்கு இவள்தான் முன்னால் நின்று தட்டு எடுத்தாள். கூட நானும் போயிருந்தேன். கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி தொலைந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு. தானாகத் தொலையாதவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவதும் உண்டு.

"அக்கா, புது ஊருக்குப் போறீங்க. பழசைக் கால்ல மாட்டிக்கிட்டுப் போகாதீங்க," என்றாள் சாரதாமணி. "அந்தச் செருப்பை இங்கயே உட்டுருங்க. வெறுங்காலோட நேரா நடங்க, திரும்பிப் பாக்கவே கூடாது."

"நாலு தடவை தெச்ச செருப்பு புள்ள. இன்னும் ஒரு வருசம் வரும்."

"பீடையும் கூடவே வருமுங்க."

மயிலாத்தாள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். குதிகால் பக்கம் ஆணி அடித்த பழுப்புத் தோல் செருப்பு. அவள் ஆட்டோவைப் பார்த்து வெறுங்காலோடு நடந்தாள், சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால், சாரதாமணி குனிந்து அந்தச் செருப்பை எடுத்து மஞ்சப்பைக்குள் போட்டதைப் பார்த்திருப்பாள். நான் பார்த்தேன். "ஞாபகத்துக்கு இருக்கட்டும் ருக்கு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நிஜமாகவே கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். அன்று ஆட்டிய தலைதான், அதற்குப் பிறகு அதை வேறு மாதிரி ஆட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படியாக அந்தச் செருப்பு திங்கட்கிழமை காலையில் செக்கிங் டேபிளின் கீழ் டிராயருக்குள் வந்து சேர்ந்தது, சத்தமும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. முதல் வாரம் இரண்டு பேர் விபூதி கொண்டுவந்து மெஷினுக்குப் பூசினார்கள், ஒருத்தி பயமாக இருக்கிறது என்று லீவு கேட்டாள், பயத்துக்கெல்லாம் லீவு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது வாரம் பழகிப்போயிற்று. மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுகிற போர்டில் சி லைனின் எண்ணிக்கை ஒன்றுகூட இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தெய்வசிகாமணி மாடிக்கு வந்தார், நடையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார், சத்தம் போவதையும் வருவதையும், எங்கேயாவது பீஸ் தேங்கினால் அந்த மெஷினின் பின்னால் வந்து நிற்பதையும், நின்றதும் அந்தப் பெண்ணின் கை தானாக வேகம் எடுப்பதையும் கேட்டார். சாரதாமணி டிராயரைத் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தச் செருப்புக்கு வந்த வாழ்வு எங்களில் யாருக்கும் வரவில்லை. முதலாளி அறையில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி செய்து, சிவப்புப் பட்டுத் துணி விரித்து, அதன் மேல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அதற்கும் சேர்த்துப் போட்டார்கள். அலமாரிச் சாவி சாரதாமணியின் இடுப்பில் தொங்கியது, கூடவே சீனியர் சூப்பர்வைசர் என்ற பட்டமும் வந்தது. அவள் லைனுக்குள் வரவேண்டிய வேலையே இல்லை, காலையில் அலமாரியைத் திறப்பதும் மாலையில் பூட்டுவதும்தான் வேலை. புது மேனேஜர் பையன் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து, எங்கள் சூப்பர்வைசருக்கு உடம்பு சரியில்லாமல் போகாது, வயது ஏறாது, எதிர்த்துப் பேசத் தெரியாது என்று சொல்லிக் காட்டினான். வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள், போட்டோ எடுக்கப் பார்த்து எதுவும் விழாமல் போனார்கள்.

ஆள் இருந்தபோது சத்தத்துக்கும் பசி உண்டு, கால்வலி உண்டு. மதியம் ஒரு மணிக்கு மயிலாத்தாள் உட்கார்ந்துவிடுவாள், நாங்களும் சோற்றை நிதானமாகத் தின்போம். ஆள் போன பிறகு சத்தம் உட்காரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ்களின் பின்னால் நடந்தது, பாத்ரூம் கதவு வரைக்கும் வந்து வெளியே நின்றது, ஒருத்தி கொஞ்சம் நேரம் எடுத்தால் இடது காலை மெதுவாக இழுத்துக் காட்டியது. நாங்கள் அதற்கும் பழகினோம், சோற்றை விழுங்கவும் அடக்கிக்கொள்ளவும் பழகினோம். மனுசி எதற்குத்தான் பழகமாட்டாள்.

அங்கே கட்டாக்கில் மயிலாத்தாள் பிளாட்பாரத்தில் இறங்கியபோது, கூட்டத்தின் இரைச்சலில் முதலில் ஒன்றும் தெரியவில்லையாம். மினதி பிடித்துக் கொடுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னல் வரைக்கும் நடந்து, திரும்பி நடந்து, பிறகு தரையில் ஓங்கி மிதித்துப் பார்த்தபோதுதான் தன் காலுக்குச் சத்தம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. புதுச் செருப்பு வாங்கிப் போட்டாள், சத்தம் இல்லை. கட்டைச் செருப்பு வாங்கினாள், அதை மினதி போட்டால் தெரு முழுக்கக் கேட்டது, அவள் போட்டால் பஞ்சில் நடப்பது போல இருந்தது. இதெல்லாம் மினதி எங்கள் லைனில் இருக்கும் அவள் ஊர்க்காரி பசந்திக்குப் பின்னாளில் போனில் சொல்லி, பசந்தி எங்களுக்குச் சொன்னது.

புதுக் கம்பெனியில் நாற்பது பெண்கள், எல்லாரும் வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் நேராக மெஷினுக்கு வந்தவர்கள். மயிலாத்தாளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. பாஷை தெரியாவிட்டால் என்ன, லைனை நடத்த அவள் எந்தக் காலத்தில் பேசினாள், நடந்துதானே நடத்தினாள். அந்த நடைதான் இல்லாமல் போயிற்று. அவள் வருவது கேட்காததால் முதல் நாள் ஒருத்தி திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டு அலறியதில் ஊசி விரலில் இறங்கிவிட்டது, மறுநாள் இன்னொருத்தி மயங்கி விழுந்தாள். பேய்க்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும் என்று அங்கே சொல்வார்களாம். அதனால் மூன்றாம் நாள் மதியம் நாற்பது பெண்களும் சேர்ந்து வந்து, மரியாதையாகத்தான், மினதியை முன்னால் நிறுத்திக்கொண்டு, அக்காவின் காலைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். மயிலாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்து சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். விரல்கள் முன்னால் பார்த்துத்தான் இருந்தன, குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது, சுண்டுவிரல் நகம் உடைந்திருந்தது. பேய்க்குப் பித்தவெடிப்பு வராது என்று வயதில் மூத்த ஒருத்தி தீர்ப்புச் சொல்ல, எல்லாரும் சமாதானமாகி மெஷினுக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர்களே வழி தேட ஆரம்பித்தார்கள். கொலுசு வாங்கிவந்து கட்டினார்கள், மேஜையில் வைத்தால் ஒலித்தது, அவள் காலில் ஒலிக்கவில்லை. கடைசியில் யாருக்கோ யோசனை வந்து, கல்யாண வீட்டில் பெண்கள் காலுக்குப் பூசுகிற சிவப்புச் சாயத்தைக் கொண்டுவந்து அவள் பாதத்தைச் சுற்றி அகலமாகப் பூசிவிட்டார்கள். அல்தா என்று அதற்குப் பெயர். கேட்காவிட்டால் போகிறது, மெஷினுக்குக் கீழே சிவப்பாக வந்தால் அக்கா வருகிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். கார்த்திகை, மார்கழி வந்தபோது, அந்த ஊர் வழக்கப்படி வியாழக்கிழமை தோறும் லட்சுமியை வீட்டுக்கு அழைக்க வாசலில் அரிசி மாவால் பாதம் வரைகிறவர்கள், கம்பெனி நடையிலும் ஒரு வரிசை வரைந்துவைத்தார்கள். லட்சுமி வரும்போது மட்டும் சத்தமா கேட்கிறது என்றார்களாம். துணியில் மாவு ஒட்டும் என்று மேலதிகாரி மிஸ்ரா கத்தினார், பிறகு அவரும் அந்தப் பாதங்களை மிதிக்காமல் ஓரமாக நடக்கப் பழகினார்.

இவ்வளவு செய்தும் எண்ணிக்கை வரவில்லை. நூறு வரவேண்டிய இடத்தில் அறுபது வந்தது. மிஸ்ரா நல்ல மாதிரியாகவே பேசினார், ஆனால் தை மாதம் முடிவதற்குள் என்று தேதி சொல்லிவிட்டார்.

மயிலாத்தாள் வாரம் தவறாமல் சாரதாமணிக்குப் போன் செய்தாள். டேபிளில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு டிபனைத் தின்றுகொண்டே சாரதாமணி பேசுவாள், நாங்கள் பக்கத்தில் இருப்போம்.

"ஏம்புள்ள சாரதா, கேட்டாச் சிரிக்கக்கூடாது. என்ற காலடிச் சத்தம் அங்க எங்காச்சும் கேக்குதா?"

"என்னக்கா இது, இங்க எப்படிக் கேக்கும்? நெம்ப யோசிக்காதீங்க. நல்லாச் சாப்புடுங்க."

அவள் அப்படிச் சொல்லும்போது சத்தம் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கும். சாரதாமணி போனை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் எங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருத்தி, ஒரே ஒருத்தி, "பொய்யுங்க அக்கா" என்று போனுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கலாம், அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

சொன்னது பசந்தி. அதுவும் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. மினதி போனில் அக்காவின் கால் கதையைச் சொல்லிப் புலம்பியபோது, "அது இங்கதானே நடக்குது, அக்கா வேணும்னுதான் உட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன், தமிழ்க்காரங்க பழக்கமாக்கும்னு இருந்தேன்," என்றிருக்கிறாள். கண்ணாடி அலமாரியையும், சாரதாமணி இடுப்புச் சாவியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். தண்ணீரில் ஊறிய பழைய சோற்றை அந்த ஊரிலும் மதியத்துக்குத் தின்கிறார்கள், விஷயத்தைக் கேட்டுவிட்டு மயிலாத்தாள் அந்தச் சோற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்றாள் மினதி.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த இரண்டாம் நாள் அவள் வந்தாள். வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், அவள் அவனைத் தாண்டி வந்தது அவனுக்குத் தெரியவில்லை. படி பதினெட்டும் ஏறியது யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் லைன் அப்போது முழு வேகத்தில் இருந்தது, சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்வந்துகொண்டிருந்தது. அவள் நடையின் தொடக்கத்தில், முதல் மெஷின் பக்கத்தில் கிடந்த காலி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. தன் நடையை அவள் அதுவரைக்கும் உட்கார்ந்து கேட்டதே இல்லை. கேட்கிறவர்கள் நாங்கள், நடக்கிறவள் அவள். சத்தம் திரும்பி அவளை நோக்கி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபோது, அவள் கை தானாக முன்னால் போய் இல்லாத துணியை இழுத்தது என்று முதல் மெஷின்காரி பிற்பாடு சொன்னாள். தன் காலடிக்குத் தானே பயந்திருக்கிறாள். பிறகு எழுந்து, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டி, "வா, போலாம் வா," என்று அதைக் கூப்பிட்டாளாம். அது ஒரு நொடி நின்றது, ஆளை அடையாளம் தெரியாமலோ, தெரிந்தோ, அவளைச் சுற்றிக்கொண்டு நேராக என் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்றது. எனக்கு மூன்று காலர் தேங்கியிருந்தது.

என் மேஜையின் கீழ் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெறும் பாதம், ஓரத்தில் சிவப்புச் சாயம் மங்கிப்போய், சுண்டுவிரல் நகம் உடைந்து.

"ருக்கு," என்றாள். "நீயும் அன்னைக்குக் கோயிலுக்கு வந்தியே. எடுத்ததைப் பாத்தியா?"

முன்னால் அவள், முதுகுக்குப் பின்னால் அவள் சத்தம். நான் குனிந்தபடியே அடுத்த காலரை எடுத்தேன்.

"நான் போன்ல கேக்கறப்பவெல்லாம் நீ பக்கத்துலதான இருந்த. ஒரு வார்த்தை சொல்லோணும்னு உனக்குத் தோணலையா கண்ணு?"

அந்தக் கண்ணு என்ற வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேனோ என்னவோ. பின்னால் இடது கால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது. நான் பெடலை மிதித்தேன்.

அதற்குள் விஷயம் தெரிந்து சாரதாமணி ஓடிவந்தாள். அவள் குரலை மட்டும்தான் கேட்டேன்.

"அக்கா, எப்ப வந்தீங்க, சாப்ட்டீங்களா?"

"சாவியைக் குடு சாரதா."

"அது முதலாளி ரூம்ல இருக்குதுங்க அக்கா, நான் எப்படி..."

"சாவி உன்ற இடுப்புல இருக்குது."

சாரதாமணி அழ ஆரம்பித்தாள். அழுகிறவளைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் அந்த அழுகையிலும் அவள் கை இடுப்பை விட்டு நகரவில்லை என்று செக்கிங் பெண்கள் சொன்னார்கள். "மொதல்ல ஞாபகத்துக்குத்தான் எடுத்தனுங்க அக்கா. சத்தியமா. நீங்க போயிட்டா நான் யாரோட ஒக்காந்து திங்கறதுன்னு எடுத்தேன். அப்புறம் இது நடந்திருச்சு. நீங்க போன எடத்துல புதுசா ஒண்ணு சம்பாரிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். எனக்கு இங்க வேற என்னக்கா இருக்குது?"

"கேட்டிருந்தா செருப்பைக் குடுத்திருப்பனே புள்ள. பீடைன்னு சொல்லி வாங்கிட்டியே."

தெய்வசிகாமணி வந்தார், வழக்கமான தேன் குரலில் வாங்கம்மா வாங்கம்மா என்றார், டீ சொல்லட்டுமா என்றார். விஷயத்துக்கு வந்தபோதும் குரல் மாறவில்லை. "பாருங்க மயிலம்மா. அந்தச் சத்தம் நீங்க கொண்டுவந்ததில்ல. கம்பெனி நேரத்துல, கம்பெனித் தரையில, கம்பெனி வேலைக்காக உண்டானது. தரை நம்முளுது. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. வேணும்னா நீங்களும் வாங்க. செக்கிங்ல ஒரு டேபிள் காலியாத்தான் இருக்குது. உங்க சத்தத்துக்குக் கீழயே நீங்க வேலை பாக்கலாம், பழகுனதுதான உங்களுக்கு," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, மனசார உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் அந்த மனுசனிடம் தாங்கமுடியாத விஷயம்.

மயிலாத்தாள் அலமாரியை உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. போவதற்கு முன்னால் ஒன்று செய்தாள். முப்பத்தெட்டாவது மெஷினிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் வந்து நின்று, குனிந்து, அந்தந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அங்கே பாஷை தெரியாத ஊரில், பெண்களின் முகத்தைப் பார்த்துத்தான் யாருக்கு நூல் சிக்கியிருக்கிறது, யாருக்கு வயிறு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பழகியிருந்தாள். நாங்கள் இருபத்தொரு வருடம் அவளோடு இருந்தவர்கள். சத்தம் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது, முப்பத்தெட்டில் ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. ஏழாவது மெஷினுக்கு வந்தபோது அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. பாதங்கள் கொஞ்ச நேரம் நின்றன, பிறகு போயின. படியில் இறங்கியதும் கேட்கவில்லை.

அங்கே திரும்பிப் போனவள் அதற்கப்புறம் நடையில் நடக்கவே இல்லையாம். லைனின் தலைமாட்டில் பெண்களைப் பார்த்தபடி ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய பீஸைத் தானே மெதுவாகத் தைத்துக் காட்டினாள். சந்தேகம் வந்த பெண் தலையைத் தூக்கி அவளைப் பார்ப்பாள், மயிலாத்தாள் தன் கையைத் தூக்கிச் செய்து காட்டுவாள், அந்தப் பெண் தைத்தது சரியாக இருந்தால் தலையசைப்பாள். தை கடைசியில் மிஸ்ரா கேட்ட எண்ணிக்கைக்குப் பதினைந்து பீஸ் குறைவாகத்தான் வந்தது. ஆனால் கெட்டுப்போய்த் திரும்பி வந்த பீஸ் ஒன்றுகூட இல்லை, இதுவரை அவர் அப்படிப் பார்த்ததில்லை, வேலை நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாரதாமணியின் நம்பரை அவள் அழித்துவிட்டாள். சாரதாமணி இப்போது தனியாகத்தான் டிபனைத் திறக்கிறாள், அவள் தின்று முடிக்கும் வரைக்கும் சத்தம் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறது.

போன வாரம் மதியம் பசந்தியின் போனில் மினதி பேசினாள், என்னைக் கேட்டாளாம், வாங்கிப் பேசினேன். எல்லாம் சொல்லிவிட்டு, அங்கே பெண்கள் சுவரில் அக்காவின் படத்தைச் சாக்பீஸில் வரைந்துகொண்டிருக்கிறார்கள், ஒருத்தி மச்சத்தை இடது புருவத்துக்கு மேலே வைக்கிறாள், ஒருத்தி வலது என்று சண்டை பிடிக்கிறாள், அக்கா அன்றைக்கு லீவு என்று சிரித்தாள்.

"நீங்க இருவது வருசம் கூட இருந்தவங்க. எந்தப் பக்கமுங்க ருக்குக்கா?"

நான் யோசித்தேன். ஆணி அடித்த செருப்பு ஞாபகம் வந்தது, உடைந்த நகம் வந்தது, இடது காலின் இழுப்பு வந்தது. அதற்கு மேலே எதுவும் வரவில்லை. சத்தம் என் பின்னால் வந்து நின்றது. மெஷின் ஓடவேண்டும் என்று சொல்லி போனைப் பசந்தியிடம் கொடுத்துவிட்டேன்.